மூன்று யன்னல்களும் ஒரு கறுப்புக் கோட்டும்

அத்தியாயம் ஏழு

கதவு சாத்தப்பட்ட சத்தம் பெரிதாக இல்லை. அதைத் தொடர்ந்து வெளியே குறுக்குமரம் ஒன்று கொளுவியில் போய் உட்கார்ந்த சத்தம்தான் அசனாரைத் திடுக்கிட்டுத் திரும்ப வைத்தது. நாற்பத்தாறு வயதுக்குள் அவர் மூன்று முறை வாவியில் வள்ளம் கவிழ்ந்து நீந்திக் கரை சேர்ந்தவர். அப்போதெல்லாம் எட்டிப் பார்க்காத பயம் இப்போது வந்து நெஞ்சில் குந்திக்கொண்டது. தண்ணீர் என்றால் கையைக் காலை அடிக்கலாம். இரண்டடி தடிப்பில் ஒல்லாந்தன் கட்டிவிட்டுப் போன சுவரை எதைக் கொண்டு அடிப்பது?

தோளால் இரண்டு முறை இடித்துப் பார்த்தார். பாலை மரக் கதவு அவரை மதிக்கவே இல்லை.

"விருந்தாளி வந்தாக் கதவு திறக்கிற ஊரைத்தான் நான் கண்டிரிக்கன், ஐயா. பூட்டுற ஊருக்கு இண்டைக்குத்தான் வந்திரிக்கன்" என்றார்.

நல்லரத்தினம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீர்ப்பாசன இலாகாவில் ஓவசியராக இருந்து, மேலதிகாரி ஒருவருடைய பொய்க் கணக்கெடுப்பைக் கண்டுபிடித்த குற்றத்துக்காக வேலை இழந்த மனிதர். இப்போது மட்டக்களப்பில் காணாமற்போன மாடு முதல் மாப்பிள்ளை வரை தேடிக்கொடுப்பது அவர் தொழில். அசனார் அவருடைய வள்ளக்காரர், உதவியாளர், வாய்த்துணை எல்லாம். உண்மையில் அந்த வாய்க்காகத்தான் ஓவசியர் தன்னை வைத்திருக்கிறார் என்பது அசனாருடைய அபிப்பிராயம்.

அவர்கள் தேடி வந்தது ஓர் ஆளை. அறையில் ஆளைத் தவிர எல்லாம் இருந்தது. நுளம்பு வலை கட்டிய கட்டில், மேசை, விளக்கு, மூடி வைத்த கோப்பையில் இன்னும் சூடு ஆறாத பிட்டு. மேற்குச் சுவரில் இரும்புக் கம்பி போட்ட மூன்று யன்னல்கள். அவற்றுக்கு அப்பால் மாரி மழையில் நிறம் மாறிய வாவி, வாசற்படியை நக்கிக்கொண்டு கிடந்தது. திங்கட்கிழமை பின்னேரம் நாலு மணி. நாளைக் காலை பத்து மணிக்கு, அவர்கள் தேடி வந்த அந்த ஜெயராஜா வாத்தியார் சாட்சிக் கூண்டில் ஏறாவிட்டால், யோசேப் என்ற மீன்காரன் செய்யாத குற்றத்துக்குப் பல வருஷம் உள்ளே போவான்.

அந்தக் குற்றம் போன மாரியில் நடந்தது. மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரத்தைக் கோடையில் மணல் அடைத்துவிடும். மாரியில் தண்ணீர் ஏறி வயல்கள் மூழ்கும்போது, அரசாங்க அதிபருடைய கச்சேரி உத்தரவு கொடுத்த பிறகுதான் அந்த மணல்மேட்டை வெட்டிக் கடலுக்குத் தண்ணீர் விடவேண்டும். யாரோ உத்தரவு இல்லாமல், ஒருவருக்கும் சொல்லாமல் வெட்டிவிட்டார்கள். பாய்ந்த தண்ணீர் ஒரு தோணியைக் கடலுக்கு இழுத்துப் போனது. இருவர் செத்தார்கள். வெட்டியது யோசேப் என்று, பெரிய வயற்காரரான ஒரு போடியாருடைய ஆட்கள் சத்தியம் செய்தார்கள். வெட்டியது அந்த ஆட்கள்தான் என்பதைக் கண்ணால் கண்டவர் ஜெயராஜா ஒருவர். பயத்தில் பல மாதம் வாயைப் பொத்திக்கொண்டிருந்து, போன மாதம்தான் யோசேப்புடைய வழக்கறிஞரிடம் சொன்னார். பன்னிரண்டு நாளைக்கு முன்னர் ஆளையே காணவில்லை.

காணவில்லை என்று யாரும் முறையிட்டு வரவில்லை என்பதுதான் வேடிக்கை. நல்லரத்தினத்திடம் வியாழக்கிழமை வந்தவர், பட்டணத்தில் அச்சுக்கூடம் வைத்திருக்கும் அழகரத்தினம். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் தமிழில் அடக்கிவிடுவது என்று பதினொரு வருஷமாகக் கலைக்களஞ்சியம் போட்டுவருகிறவர். அகரத்தில் புறப்பட்ட மனிதர் மகரம் வரை வந்து, மச்சு பிச்சுவில் மாட்டிக்கொண்டார். அது பெரு நாட்டு மலைமுகட்டில் இன்கா மக்கள் கட்டிய பழைய கல் நகரம். கட்டுரை எழுதியவர் ஜெயராஜா. மட்டக்களப்பில் இன்கா மக்களைப் பற்றி ஒரு வரியாவது தெரிந்த ஆள் அவர்தான் என்பதால், அவர் எழுதியதில் பிழை பிடிக்கவும் ஆள் இல்லை.

தம்பி திருகோணமலையில் சொந்தக்காரர் வீட்டில் காய்ச்சலாகக் கிடக்கிறான், அங்கிருந்தே கட்டுரையைத் திருத்தி அனுப்புகிறான் என்று சொல்லி, வாத்தியாருடைய அக்கா, கல்லடியில் தையல் படிப்பிக்கும் செசீலியா, பிழை திருத்தும் புரூப் தாள்களை வாங்கிப்போவதும் கொண்டுவருவதுமாக இருந்தாள். நாலு முறை எழுத்துக் கோத்தாயிற்று. நாலு முறையும் கட்டுரை மேலும் செப்பம் செய்யப்பட்டுத் திரும்பி வந்தது.

"திருத்தத் திருத்தக் கட்டுரை கெட்டுப்போகுது ஐயா" என்று அழகரத்தினம் தலையில் கைவைத்தார். "எண்ணாயிரம் அடி உயரத்தில இருந்த நகரம். நாலாம் புரூப்பில மலையை விட்டு இறங்கி வந்திட்டு."

நல்லரத்தினம் முதலில் திருகோணமலைக்குத் தந்தி கொடுத்தார். வாத்தியார் இந்தப் பக்கமே வரவில்லை என்று பதில் வந்தது. பிறகு நாலு தாளையும் மேசையில் பரப்பினார். முதல் தாளில், நகருக்குக் கீழே வெகு ஆழத்தில் ஓடுகிற ஆறு வாசற்படிக்கே வந்துவிட்டது. அது ஓடுவதில்லை, நாளுக்கு நாலு விரல் உயரும், முகம் திறந்தால் ஒழிய வடியாது என்று ஓரத்தில் பென்சிலால் சேர்த்திருந்தது. இரண்டாம் தாளில் சூரியன் அந்தத் தண்ணீருக்குள் மறைந்தது. மூன்றாம் தாளில், இன்கா நகரத்துக்குத் தெற்கிலிருந்து நாளுக்கு ஐந்து வேளை தொழுகை அழைப்பும் தறிச் சத்தமும் கேட்கும் என்றும், வடக்கிலிருந்து கோயில் மணி கேட்கும் என்றும் இருந்தது.

"இன்காக்காரர் நம்மட ஆக்களா?" என்று கேட்டவர் காத்தான்குடிக்காரரான அசனார். "எங்கட பள்ளியில ஒருத்தரும் சொல்லல்லையே."

நல்லரத்தினம் சிரிக்கவில்லை. தெற்கே காத்தான்குடி, வடக்கே கல்லடி, மேற்கே வாவி என்று விரல் மடித்தார். நாலாம் தாளில், மூன்று யன்னல் மண்டபத்தைக் கட்டியவர்கள் கப்பலில் வந்து, சுண்ணாம்பு குழைத்து, சரக்கு ஏற்றினவர்கள் என்று இருந்தது. அசனாருக்கு அதற்கு மேல் யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. நாவற்குடாக் கரையில் ஒல்லாந்தர் காலத்துப் பண்டகசாலை ஒன்று, பற்றை மூடிக் கிடப்பதை அவர் ஆயிரம் தரம் கடந்து போயிருக்கிறார். அதற்கு மூன்று யன்னல்.

போடியாருடைய ஆட்கள் வாத்தியாரைப் பிடித்து அடைத்துவைத்து, அக்காவையும் மிரட்டி வைத்திருக்கிறார்கள் என்று இருவரும் முடிவுகட்டினார்கள். செசீலியாவுக்குச் சொன்னால் அவளுக்கு ஆபத்து என்று அவளிடம் மூச்சு விடவில்லை. நேரே வள்ளத்தை விட்டார்கள். படியேறும்போது பண்டகசாலையின் பக்கத்தில், தரை தாழ்ந்த சிறிய உப்பறை ஒன்றைக் கண்டார்கள். அதில் பூட்டுத் தொங்கியது. பெரிய கதவு ஆவென்று திறந்து கிடந்தது. திறந்து கிடந்த கதவைச் சந்தேகித்திருக்க வேண்டும் என்று அசனார் இப்போது தன்னையே திட்டிக்கொண்டார்.

"போடியாரிர ஆக்கள் வந்தா எத்தினை பேர் வருவானுகள், ஐயா?"

"வரமாட்டாங்க, காக்கா." அசனாரை அண்ணன் முறை வைத்து ஓவசியர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"அப்ப நாம இஞ்ச கிடந்து கருவாடாகிறதா?"

அந்த நேரம் கரையிலிருந்து ஐம்பது பாகத் தூரத்துக்குள் ஒரு மீன்காரன் தோணியில் நின்று வலை எறிந்துகொண்டிருப்பது நடு யன்னல் வழியாகத் தெரிந்தது. அசனாருக்கு உயிர் திரும்பி வந்தது. கம்பியைப் பிடித்து நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். கத்துவதில் அவர் சாதாரண ஆள் இல்லை. அக்கரைக்குக் கேட்கும். ஆனால் சத்தம் வெளியே வருவதற்குள் நல்லரத்தினத்தின் கை அவர் வாயைப் பொத்தியது.

"பொறுங்க. இவ்வளவு லேசான வேலையை வாத்தியார் ஏன் செய்யல்ல?"

அசனார் கண்ணை உருட்டினார்.

"பன்னிரண்டு நாள் இருந்திருக்கார். காலமையும் பின்னேரமும் தோணி போகுது. ஒரு தரம் கத்தினாப் போதும். அதை விட்டிட்டு, மாட்டின ஆள் இன்கா நகரத்துக்குள்ள ஒளிச்சு வைச்சுக் கடிதம் எழுதுறார். போடியாரிர ஆள் பூட்டினாக் கத்தாம இருப்பாரா? யார் பூட்டினா ஒரு மனுஷன் கத்தமாட்டான், காக்கா?"

மீன்காரன் வலையை இழுத்துக்கொண்டு தெற்கே போய்விட்டான். அசனாருக்கு அழுகை வரும்போல இருந்தது. புத்திசாலிகளோடு சேர்ந்தால் இப்படித்தான், வெளியே போக வழி இருந்தும் போக விடமாட்டார்கள் என்று மனத்துக்குள் முணுமுணுத்தார். யன்னல் கம்பி கையில் சில்லிட்டது. அறை முன்பிருந்ததைவிடச் சிறுத்துவிட்டதுபோல் தோன்றியது.

நல்லரத்தினம் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய ஒன்றைக் காட்டினார். ஒரு கறுப்புக் கோட்டு. புதிதாக ஸ்திரிக்கை போட்டு, மடிப்புக் குலையாமல் தொங்கியது. கீழே இருந்து இரண்டாவது பொத்தானைக் காணவில்லை. அந்த இடத்தில் நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியபடி நின்றது.

"இது வழக்குக்குப் போட்டுப்போற கோட்டு" என்றார் நல்லரத்தினம். "சாட்சியைப் போகவிடக்கூடாதெண்டு அடைச்சு வைச்ச ஆளே, சாட்சிக்குப் போற கோட்டையும் மினுக்கி வைச்சிருக்கு. பொத்தானுக்கு வந்ததும் கை ஓடல்ல. போடியாரிர ஆக்கள் ஊசி பிடிப்பானுகளா?"

அசனாருக்கு உள்ளங்கால் வரை விளங்கியது. கல்லடியில் தையல் ரீச்சர் ஒருத்திதான் இருக்கிறாள்.

நல்லரத்தினம் கதவடியில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அதட்டவில்லை. "செசீலியா ரீச்சர்" என்றார், பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் பேசுகிறவர்போல. "நீங்க போகல்ல எண்டு எனக்குத் தெரியும்."

வெளியே சீலை கதவில் உரசியது. பிறகு கதவுக்கு மிக அருகில் அவள் குரல் கேட்டது.

"நான் ஒருத்தரையும் கொல்லப்போகல்ல, ஐயா. புதன்கிழமை விடியத் திறந்து விடுவன். சோறு தருவன். தேத்தண்ணியும் தருவன்."

"எனக்குச் சீனி கொஞ்சம் கூடப் போடுங்க புள்ள" என்றார் அசனார். பயந்தால் அவருக்கு வாய் இன்னும் கூடும்.

அவள் மெல்ல மெல்லச் சொன்னாள். போடியார் ஆள் அனுப்பவில்லை. தானே அவள் வீட்டுக்கு வந்து, கதிரையில் உட்கார்ந்து, தேத்தண்ணீர் வாங்கிக் குடித்து, சுகம் விசாரித்துவிட்டு, எழும்பும்போது, தம்பி வாவியால் போய் வாறவன்தானே, வள்ளம் கவிழுகிற காலம், கவனம் என்று சொல்லிப் போனார். அவ்வளவுதான். தாயும் தகப்பனும் கொலராவில் போன பிறகு, ஏழு வயதுத் தம்பியை ஊசியால் சோறு போட்டு வளர்த்தவள் அவள். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவளுக்கு நித்திரை இல்லை. திங்கள் கழிந்து செவ்வாய் கழிந்து வழக்கு முடிந்துவிட்டால் தம்பி உயிரோடு இருப்பான் என்று நினைத்தாள். கட்டுரை வராவிட்டால் அழகரத்தினம் தேடி வந்துவிடுவார் என்று புரூப்பை மட்டும் சுமந்தாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் பிரித்துப் பார்க்கவில்லை. இன்றைக்கு வள்ளம் வருவதைத் தூரத்தில் கண்டதும், தம்பியை உப்பறைக்குள் போகச் சொன்னாள். அவனும் மறுக்காமல் போனான்.

நல்லரத்தினம் மேசையில் கிடந்த ஐந்தாம் புரூப்பை எடுத்தார். "நீங்க பார்க்காததை நான் வாசிக்கட்டா, ரீச்சர்? மச்சு பிச்சுவில சூரியனைக் கட்டிப்போடுற கல் ஒண்டு இருக்காம். அச்சில இருக்கிறது அவ்வளவுதான். ஓரத்தில பென்சிலால தம்பி சேர்த்திருக்கார். 'சூரியனைக் கட்டினவளும் அந்தக் கல்லை விட்டு நகர முடியாது. பாவம், அவளும் பன்னிரண்டு நாளாக இங்கேதான் இருக்கிறாள்.'"

வெளியே ஒரு விசும்பல் கேட்டது. குறுக்குமரம் அசையவில்லை.

அசனாரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. பகிடி எல்லாம் எங்கேயோ ஓடிப்போயிருந்தது. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு பேசினார். "புள்ள, நான் இஞ்ச வந்து ஒரு மணித்தியாலம் ஆகல்ல. எனக்கு மூச்சு முட்டுது. யோசேப்பு பத்து மாசமா இப்பிடி ஒரு கதவுக்குப் பின்னால இரிக்கான். அவனுக்கும் ஒரு அக்கா இரிக்கா. நான்தான் அவவை மறியல் வீட்டுக்கு ஏத்தி இறக்கிறன்."

"எனக்கு அவன் ஒருத்தன்தான்" என்றாள் செசீலியா. "என்னால ஏலாது."

மேற்கில் வானம் இருண்டு, காற்று வாவியைக் கிழக்குக் கரைக்குத் தள்ளத் தொடங்கியிருந்தது. அலை ஒன்று வாசற்படியைத் தாண்டிக் கதவின் கீழால் அறைக்குள் நாக்கை நீட்டியது. அசனார் காலைத் தூக்கிக்கொண்டார். சேவகத்தில் அளந்த பழக்கமோ என்னவோ, நல்லரத்தினம் அந்த ஈரத்தை உற்றுப் பார்த்தார். சட்டென்று முகம் மாறியது. உப்பறையின் தரை இதைவிட நாலடி தாழ்வு.

பக்கச் சுவரில் யாரோ மூன்று தரம் தட்டினார்கள்.

"அக்கா." பன்னிரண்டு நாளில் அந்த மனிதன் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தரம். "தண்ணி உள்ளுக்கு வந்திட்டு. இடுப்புக்கு மேல நிக்குது."

செசீலியா ஓடுவது கேட்டது. பூட்டின் திறப்பு கைதவறி விழுந்து எடுபடுவதும், பூட்டுக் கழலுவதும், பலகையில் கையால் அடிப்பதும் கேட்டது. உள்ளே தள்ளித் திறக்கிற கதவு. உள்ளே நிறைந்த தண்ணீர் அதை நெஞ்சால் தாங்கிக்கொண்டு நின்றது. ஈரத்தில் பலகை வேறு ஊதிப்போயிருந்தது. ஒரு பெண்பிள்ளையின் பலத்துக்கு அது அசையுமா? அவள் அலறவில்லை. தம்பி, தம்பி என்று மட்டும் சொல்லிக்கொண்டு திரும்பி ஓடிவந்தாள். குறுக்குமரம் கொளுவியிலிருந்து கழன்று தண்ணீரில் விழுந்தது.

கதவு திறந்ததும் அசனார் அவளைப் பார்க்கக்கூட நிற்கவில்லை. பெரிய கதவிடம் தோற்ற கோபம் முழுவதையும் சின்னக் கதவில் காட்டினார். மூன்றாவது இடியில் பிணைச்சல் பிடுங்கி, கதவோடு சேர்ந்து அவரும் உள்ளே போய் விழுந்தார். எழும்பிப் பார்த்தால், நெஞ்சளவு தண்ணீரில் மெலிந்த மனிதர் ஒருவர், மூக்குக்கண்ணாடி கோணலாக, இரண்டு கையாலும் ஒரு கட்டுத் தாளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றார். தாளில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"அழகரத்தினத்தார் அச்சடிச்சிட்டாரா?" என்பதுதான் ஜெயராஜா கேட்ட முதல் கேள்வி.

இல்லை என்று நல்லரத்தினம் சொன்னதும் வாத்தியார் பெருமூச்சு விட்டார். அந்த ஐந்து வேளைத் தொழுகை அச்சில் ஏறியிருந்தால் தான் உயிரோடு இருந்தும் பிரயோசனம் இல்லை என்றார்.

மூன்று பேரும் படியில் வந்து நின்றார்கள். செசீலியா குறுக்குமரம் மிதந்த இடத்தில், சீலை நனைய, ஒன்றும் செய்யத் தெரியாமல் நின்றாள். ஐம்பது வயதைத் தொடுகிற சின்ன உருவம். இவளுக்கா பயந்தோம் என்று அசனாருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட இரக்கம் கூடுதலாக இருந்தது.

"நான் கத்தியிருக்கலாம், அக்கா" என்றார் ஜெயராஜா.

"தெரியும்."

"பொலிஸ் வந்தா உன்னைத்தான் கொண்டுபோவாங்க. அதாலதான் கத்தல்ல. இப்பவும் நீ கதவைச் சாத்தினா நான் உள்ளுக்குப் போவன். கத்தமாட்டன்."

அசனார் வாய் திறந்து, மனத்தை மாற்றி மூடிக்கொண்டார். மூடிய பிறகுதான் தெரிந்தது, யோசேப்புடைய தலை இப்போது இந்தத் தையல்காரியின் கையில் இருக்கிறது. அவள் தம்பியைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். பண்டகசாலைக்குள் போனாள்.

அவள் வரும் வரைக்கும் அசனார் தனக்குத் தெரிந்த துஆ எல்லாவற்றையும் ஓதி முடித்தார்.

திரும்பி வந்தபோது அவள் கையில் அந்தக் கறுப்புக் கோட்டு இருந்தது. மடிப்புக் குலையாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யாருடைய கையையும் பிடிக்காமல், முதல் ஆளாக வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"பொத்தான் ஒண்டு பாக்கி கிடக்கு" என்றாள்.

வள்ளம் கரையை விட்டது. நாளைக் காலை காத்தான்குடிக் கரை வள்ளக்காரர் இருபது பேர் வழக்கு மன்ற வாசலில் வந்து நிற்பார்கள், வாத்தியார் போகும்போதும் வரும்போதும் அவருக்கு இரண்டு பக்கமும் ஆள் இருக்கும் என்று அசனார் சொன்னார். வள்ளம் கவிழுகிற காலத்தைப் பற்றிப் போடியாருக்கு வள்ளக்காரர் சொல்லிக்கொடுப்பார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். செசீலியா அதற்கு ஓம் என்று தலையை மட்டும் அசைத்தாள். ஜெயராஜா வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் உட்கார்ந்து, பென்சிலை நாக்கில் தொட்டு, இன்கா நகரத்தைத் திரும்ப மலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். தொழுகையை வெட்டினார், மணியை வெட்டினார், தறியை வெட்டினார். மூன்று யன்னலை மட்டும் விட்டுவைத்தார். அது அங்கேயும் உள்ளதுதானாம்.

"காக்கா" என்றாள் செசீலியா, தலையைத் தூக்காமல். "கொஞ்சம் மெல்ல வலியுங்க. ஊசி கையில குத்துது."

அசனார் துடுப்பை மெல்லப் போட்டார். பட்டணத்துக் கரை தட்டுவதற்குச் சற்று முன்னர் அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.